ஒற்றைப்படைப் பக்கம்

சங்கரேஸ்வரிக்கு அந்தக் கோபம் மூன்று மாதமாக ஆறவில்லை. அவளும் அதை ஆறவிடவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் எதிரே ஞானதுரையின் மாவுக்கடை, சாயங்காலம் இறக்கினாலும் அதே கடை. தாராவியில் அந்தத் தெரு ஒரு டெம்போ நுழைந்தால் மற்றதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அளவுக்குத்தான் அகலம். எதிர்க்கடையில் நடக்கிற எதையும் பார்க்காமல் இருக்க முடியாது. அவளும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு, மனசுக்குள் அவன் இவன் என்றே பேசினாள்.

இரண்டும் இட்லி மாவுக் கடைகள். விடியுமுன் இட்லி அவித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, வடாலா, செம்பூர் என்று போகிற யாவாரிகள் இந்த இரண்டு கடைகளில்தான் மாவு வாங்குவார்கள். ஊரடங்கு வருமுன் பாதி யாவாரிகள் அவளிடம், பாதிப் பேர் அவனிடம். யாரும் யார் வயிற்றிலும் அடிக்கவில்லை.

அடித்தது ஏப்ரலில். அவள் புருஷன் தங்கப்பழத்துக்குக் கோடை வந்தால் இருமல் வரும். உளுந்து மூட்டையை அவிழ்த்துப் புடைக்கிறபோது கிளம்பும் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. இது ஞானதுரைக்குத் தெரியாத சங்கதி இல்லை. இரண்டு பேரும் வாலிபத்தில் ஒரே தானியக் கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள். தங்கப்பழம் இருமி இருமிச் சுருண்டு கிடந்த நாட்களில் முதுகில் தைலம் தேய்த்துவிட்டதே ஞானதுரைதான். அந்த மனுஷன்தான் பொதுக் கக்கூஸ் சுவரில் பெயிண்டில் எழுதியிருந்த மாநகராட்சி நம்பருக்குப் போன் போட்டு, எதிர்க்கடையில் ஒரு ஆள் இருமுகிறான் என்று சொன்னான்.

தலைமுதல் கால்வரை பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிய ஆட்கள் வந்தார்கள். தெருவே மாடியில் நின்று வேடிக்கை பார்த்தது. சங்கரேஸ்வரி வெட்கத்தை விட்டுக் கெஞ்சினாள்.

"அண்ணாச்சி, இது தூசி இருமல்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியும்லா."

ஞானதுரை மூக்கைச் சுற்றியிருந்த துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். "எனக்கென்ன தெரியும், தங்கச்சி" என்றான்.

இருவரையும் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பதினாலு நாளும் முடியும்வரை விடவில்லை. திரும்பி வந்து கடையைத் திறந்தபோது, ஊறப்போட்டிருந்த அரிசியும் ஆட்டி வைத்திருந்த மாவும் அழுகிப் புழுத்திருந்தன. அந்த நாற்றம் தெருமுனைவரை போனது. அதற்கு ஞானதுரை ஒரு பெயரும் வைத்தான்: கொரோனா மாவு. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிரைண்டர் கல்லை வெந்நீர் விட்டு, புளி போட்டுத் தேய்த்து, புதுக் கல் மாதிரி ஆக்கியும் பெயர் போகவில்லை. அவளுடைய யாவாரிகள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள்.

இடையில் எல்லாக் கடைகளையும் மூடவைத்து, ஜூனில்தான் மறுபடி திறக்கவிட்டார்கள். அதற்கும் ஒரு கணக்கு: தேதி ஒற்றைப்படை என்றால் தெருவின் இந்தப் பக்கம், இரட்டைப்படை என்றால் அந்தப் பக்கம். சங்கரேஸ்வரிக்கு ஒற்றைப்படை. அந்தத் தெருவில் மாவுக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கடையோ புதுக் கல்லோ, முதல் மாவில் அவித்த முதல் இட்லி எதிர்க்கடைக்குப் போக வேண்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு எவர்சில்வர் தட்டில் நாலு இட்லி வைத்து எடுத்துப்போனாள். ஞானதுரை கையை நீட்டவில்லை. படியைக் காட்டினான். "அங்கன வச்சிட்டுப் போ, தங்கச்சி." தட்டு சாயங்காலம்வரை அந்தப் படியிலேயே இருந்தது. கடைசியில் பூனை வந்து தின்றது. அவள் போய்த் தட்டை எடுத்து வந்து கழுவித் தனியாக வைத்தாள். அந்தத் தட்டில் அதற்குப் பிறகு வீட்டில் யாரையும் சாப்பிடவிடவில்லை.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். அவன் ஷட்டர் இறங்க வேண்டும். அவன் மாவு உள்ளே கிடந்து புளிக்க வேண்டும். தெரு மூக்கைப் பொத்த வேண்டும். இதற்குக் குறைந்து எதுவும் அவளுக்குப் போதாது.

வழி ஜூலை கடைசியில் தானாக வந்தது. ஆடிப் பதினெட்டு என்றைக்கு என்று பார்க்கத்தான் தினக்காலண்டரைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமைத் தாளில் ஜூலை முப்பத்தொன்று. அதற்கடுத்த தாள் ஆகஸ்ட் ஒன்று. இரண்டுமே ஒற்றைப்படை. இரண்டு நாளும் சேர்ந்தாற்போல் அவள் பக்கம்தான். யார் கண்ணிலும் படாதபடி, அவள் தாளை மடக்காமல் அப்படியே விட்டாள்.

ஞானதுரை தேதி பார்க்கிற ஆள் இல்லை. மாவுக்காரன் எவனும் பார்க்க மாட்டான். ஒருநாள் காலையில் ஊறப்போட்டு, சாயங்காலம் ஆட்டி, மறுநாள் காலையில் விற்பது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற இந்தக் கணக்கு அவர்கள் தொழிலோடு அவ்வளவு பொருந்திப்போயிருந்தது. எதிர்க்கடை திறந்திருந்தால் இன்றைக்கு ஊறப்போடு, நாளைக்கு நீ திற. இவ்வளவுதான் அவனுக்குக் காலண்டர். திறக்கவிட்ட நாளிலிருந்து அது ஒருமுறையும் பிசகவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் அவள் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண்ணை எதிரே வைத்திருந்தாள். ஞானதுரை அரிசி மூட்டையை அவிழ்த்தான். இன்னொன்றையும் அவிழ்த்தான். ஞாயிற்றுக்கிழமையும் ஆடிப் பதினெட்டும் சேர்ந்து வருகிறது, சனிக்கிழமை மாவு பறக்கும் என்று ரெட்டிப்பாக ஊறப்போட்டான். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

தங்கப்பழமும் பார்த்துவிட்டார். அவர் ஒரு மாதிரி மனுஷன். தன்னைக் காட்டிக்கொடுத்தவனுக்கே இரக்கப்படுவார். "நாளைக்கும் நம்ம நாள்லா? அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த சொல்லிருவமா?" என்று கேட்டார்.

"கேட்டா எனக்கென்ன தெரியும்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

அவர் உளுந்து புடைக்க உள்ளே போனார். சாயங்காலம் எதிரே கிரைண்டர்கள் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளும் தன் பங்குக்கு ஆட்டினாள், வழக்கத்தைவிட அதிகமாக. பிரிட்ஜில் ஒரு தூக்குச்சட்டி வைக்கக்கூட இடம் விடவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் ஷட்டரை முழுசாகத் தூக்கவில்லை. முழங்கால் உயரத்துக்கு விட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். தன் கடை திறந்திருப்பதைப் பார்த்தால் அவனுக்கு உறைத்துவிடும். எதிரே ஷட்டர் ஏறியது. யாவாரிகள் வந்தார்கள். வடாலாவுக்கு இட்லி கொண்டுபோகிற கண்ணா முதல் ஆளாகப் பாத்திரத்தை நீட்டியது ஷட்டருக்கு அடியில் அவளுக்குத் தெரிந்தது. ஒரு காலத்தில் அவளிடம் மட்டுமே வாங்கியவன். அவள் போனை எடுத்தாள். கக்கூஸ் சுவரில் இருந்த அதே நம்பர். மறக்கிற நம்பரா அது? எந்தத் தெரு, எந்தக் கடை, இன்றைக்கு எந்தப் பக்கம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

மாநகராட்சி வார்டு வேன் வந்து நின்றது. ஞானதுரை முதலில் சிரித்தான். நேற்று அவர்கள், இன்று நாங்கள் என்று ஹிந்தியில் விளக்கினான். வந்தவன் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டித் தேதியைக் காட்டினான். ஞானதுரை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் சங்கரேஸ்வரி எழுந்து தன் ஷட்டரை முழுசாக, சத்தம் போடத் தூக்கினாள். அவன் திரும்பினான். அவளைப் பார்த்ததுமே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கட்டும் என்றுதான் அவளும் நின்றாள்.

கடைக்கு சீல் வைக்கப் போகிறார்கள், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள் என்று கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள். எங்கே எடுப்பான்? வீடு மேலே, ஏணி வைத்து ஏற வேண்டிய ஒற்றை அறை. அத்தனை டிரம்மையும் இறக்கி வைக்கத் தெருவில் திறந்திருந்த மாவுக்கடை அவளுடையது மட்டும்தான். அவன் தெருவைக் கடந்து வந்தான். யாவாரிகள் பாத்திரமும் கையுமாக நின்று பார்த்தார்கள்.

"தங்கச்சி, ஒன் கடையில கொஞ்சம் எடம் தா. டிரம்ம மட்டும் எறக்கி வச்சிக்கிடுதேன். அம்புட்டு மாவும் வீணாப் போயிரும்."

அவள் உள்ளே போய் அந்த எவர்சில்வர் தட்டை எடுத்தாள். காலையில் அவித்திருந்த இட்லியில் நாலை வைத்து அவன்முன் நீட்டினாள்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி. மொத இட்லி எதுத்த கடைக்குத்தான. அன்னைக்கி நீங்க சாப்பிடலல்லா."

ஞானதுரை தட்டைப் பார்த்தான், யாவாரிகளைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினான். சட்னி இல்லை, பொடி இல்லை. வெறும் இட்லியைப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டு விழுங்கினான். கடைசி இட்லி தொண்டையில் சிக்கியது. அவள் தண்ணீர் கொடுக்கவில்லை. கொரோனா மாவு என்று சொன்ன வாய் அது, அதன் அசைவு ஒவ்வொன்றையும் அவள் கண்ணால் தின்றாள்.

தட்டைத் திருப்பிக் கொடுத்தான். அவள் பிரிட்ஜைத் திறந்து காட்டினாள். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை மாவு.

"எடமில்ல அண்ணாச்சி" என்றாள்.

அவன் திரும்பிப் போனான். வேனில் வந்தவர்கள் ஷட்டரை இறக்கிப் பூட்டி, துணி சுற்றி அரக்கு வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். கண்ணா முதல் எல்லா யாவாரிகளும் இந்தப் பக்கம் வந்து வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு அவள் மாவு மதியத்துக்குள் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் கடை இல்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது. பூட்டிய கடைக்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளுகிற சத்தம் தனக்குக் கேட்பதாகவே சங்கரேஸ்வரி நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் கடை திறக்க வந்தபோது, எதிர் ஷட்டருக்கு அடியிலிருந்து வெள்ளையாகக் கசிந்து படி வழியாகத் தெருவில் இறங்கியிருந்தது. அந்த நாற்றம் அவளுக்குப் பழக்கமானது. அன்றைக்கு அது அவள் கடையிலிருந்து தெருமுனைவரை போனது. இப்போது எதிர்க்கடையிலிருந்து வந்தது.

யாவாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் கடைமுன் நின்றார்கள். "மாவுன்னா ஒங்க மாவுதான் அக்கா" என்று கண்ணா சொன்னான். இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவள் கேட்டாள். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேலே ஞானதுரை வீட்டு ஏணிக்கதவு திறந்திருந்தது. கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.

அப்போது தங்கப்பழம் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். அவள் கூப்பிட்டாள், கழுவ வேண்டாம், நாறட்டும் என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞானதுரையின் படியில் தண்ணீரை ஊற்றினார். புளித்த நெடி மேலே கிளம்பி முகத்தில் அடித்தது. அவர் இரும ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அடிவயிற்றிலிருந்து இருமினார்.

வரிசை கலைந்தது. கண்ணா சைக்கிளுக்குப் பின்னால் போய் நின்று முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டான். மற்றவர்களும் ஆளுக்கு ஒரு எட்டு, இரண்டு எட்டு பின்வாங்கினார்கள். நீட்டிய பாத்திரங்களெல்லாம் திரும்பிப் போயின. சங்கரேஸ்வரி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். எல்லாம் ஏப்ரலில் போலவே இருந்தது. அவள் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

ஏணியில் ஞானதுரை இறங்கி வந்தான். கையில் விளக்குமாறு இருந்தது. முகத்தில் துண்டு இல்லை. நேரே தங்கப்பழத்தின் பக்கத்தில் போய், அவர் முதுகில் கை வைத்தான்.

"எதுக்குலே ஒதுங்குதிய?" என்று யாவாரிகளைப் பார்த்துக் கேட்டான். "இது உளுந்துத் தூசி இருமல்தாம்லே. எளந்தாரி வயசுலேர்ந்து இவனுக்கு இருக்கு. எனக்குத் தெரியும்."

கண்ணா முதலில் முன்னால் வந்தான். மற்றவர்களும் வந்தார்கள். பாத்திரங்கள் மறுபடி நீண்டன.

சங்கரேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவுதானா? இதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆனது? ஏப்ரலில் இந்த வார்த்தை இதே வாயில்தானே இருந்தது? அவன் ஷட்டர் இறங்கியதும், மாவு புளித்ததும், இட்லி தொண்டையில் சிக்கியதும் எல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு வார்த்தைக்குக் கால்தூசி பெறவில்லை என்பது இப்போது தெரிந்தது. அதுவே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"இத அன்னைக்கிச் சொல்லியிருக்கணும் அண்ணாச்சி" என்றாள்.

ஞானதுரை குந்தி உட்கார்ந்து படியைத் தேய்க்கத் தொடங்கினான். அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க வாங்க. அவிய மாவ அவிய கழுவட்டும்."

தங்கப்பழம் வரவில்லை. இருமல் அடங்கியதும் வாளியை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போய் நிரப்பி வந்தார். அவர் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஞானதுரை தேய்த்தான். சங்கரேஸ்வரி இந்தப் பக்கம் நின்று கண்ணாவுக்கு மாவு அளந்து ஊற்றினாள். கண் எதிர்ப்பக்கமே இருந்ததில் பாதி கீழே சிந்தியது.