இரண்டு ஆள் எடை

பட்டாளத்துக்காரர் எந்த வருடம் போரிலிருந்து திரும்பினார் என்று கேட்டால் தடுமாறுவேன். மழைக்காலமா வெயில்காலமா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. திரும்பியபோது அவர் இரண்டு ஆள் எடை இருந்தார் என்பது மட்டும் நிச்சயம். பார்வைக்கு ஒல்லி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்ததும் கட்டில் நடுவில் முறிந்தது. அரிசி ஆலையின் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். முள் போன இடத்தைப் பார்த்து, "யோவ், பையில கல்லு வச்சிருக்கியா?" என்றான் எடைக்காரன். அவர் பைகளைத் திருப்பிக் காட்டினார். ஊர் கொஞ்ச நாள் அதையே பேசியது, பிறகு நெல் விலையைப் பேசப் போய்விட்டது. மர அறுவை மில்லில் அவருக்கு வேலை கிடைத்தது. அறுக்கும்போது மரம் துள்ளாமலிருக்க அதன் வால் பக்கம் உட்கார வேண்டும். அதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் சுற்றுவட்டாரத்தில் இல்லை. உட்கார்ந்தே நரைத்தார். முதுகை மட்டும் எதிலும் சாய்த்ததில்லை.

காரணம் மனைவிக்குத் தெரியும். படை பின்வாங்கி ஓடியபோது, காலில் அடிபட்ட சிநேகிதனை அவர் முதுகில் சுமந்து வந்தார். ஒரு வாய்க்கால் பாலத்தருகே அவன் அவர் காதில் ஏதோ சொன்னான். "என்னை எறக்கி வி" வரைக்கும் கேட்டது. மிச்சத்தைக் குண்டு தின்றுவிட்டது. 'விடு' என்றானா, 'விடாத' என்றானா? அவர் 'விடு' என்று எடுத்துக்கொண்டு, இறக்கிவிட்டு ஓடினார். கொஞ்ச தூரத்தில் முதுகு மறுபடி கனத்தது. அப்போது தனக்கு மூச்சு வாங்கியதையும், 'விடு' என்பது வசதியாக இருந்ததையும் அவர் மனைவியிடம் மறைக்கவில்லை.

அவருக்குப் பல் விழத் தொடங்கியிருந்த நாளில், விசாரித்து விசாரித்து சிநேகிதனின் தங்கை வந்து சேர்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை.

"இன்னும் உங்க மேலதான் இருக்கானா அண்ணே?"

"இருக்கான்."

"தூங்குறானா?"

"தெரியலம்மா. திரும்பிப் பாத்ததில்ல."

"எறக்கி விடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் அசையவில்லை. "சொல்லி முடிச்சிட்டியா?" என்று கேட்டார். முடித்துவிட்டதாகச் சொன்னாள். அப்படியும், இன்னும் ஏதாவது வருமோ என்று தேநீரில் ஆடை படியும்வரை காத்திருந்தார். பிறகு வாசலில் மண்டியிட்டு, முதுகை மெல்லத் தாழ்த்தினார். அவள் பேருந்தில் ஏறியதும் அது அவள் பக்கமாகச் சாய்ந்தது. "இந்தப் பக்கம் வேற யாரும் உக்காராதீங்கப்பா," என்றார் நடத்துனர்.

"மறுபடியும் எறக்கிட்டேன்," என்றார் அவர், பேருந்து போன திசையைப் பார்த்தபடி.

"கேட்டுத்தானே எறக்குனீங்க?" என்றாள் மனைவி.

"அன்னைக்கும் கேட்டுத்தான் எறக்குனேன்."



எடை போனது, கூன் போகவில்லை. அந்த வருடமே படுத்து, குப்புறப் படுத்த நிலையிலேயே இறந்தார். மில்லில் அவர் இடத்துக்கு இரண்டு பேரைப் போட்டார்கள். மனைவி மகள் வீட்டுக்குப் போனாள். சிநேகிதனின் தங்கை தன் ஊரில் மாடி வீட்டைக் காலி செய்து தரைத்தளத்துக்குக் குடிபோனாள். ஆள் கூடியிருக்கிறதே என்று வீட்டுக்காரர் வாடகையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். நியாயம்தான் என்று கொடுத்து வருகிறாள்.