முப்பத்தோராவது நிமிடத்து இருட்டு

இருட்டைப் படம் பிடிக்க எதற்கு இத்தனை பெரிய காமிரா? அதை முதலில் யாராவது எனக்குச் சொல்லட்டும். சாலை என்று பெயருள்ள கடைவீதியில் ஒரு துணிக்கடையில் பதினாறு வருஷமாகச் சேலை எடுத்துப் போடுகிறேன். கறுப்பா, கருநீலமா என்று சந்தேகம் வந்தால் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துக் காட்டுவோம். வெளிச்சத்தில் காட்டாத சேலையை எந்தப் பைத்தியக்காரியும் வாங்கமாட்டாள். இந்த டிவி நாடகக்காரர்கள் மட்டும் எல்லாவற்றையும் இருட்டில் வைத்தே விற்கிறார்கள். நாமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறோம். கொலை இருட்டில், காதல் இருட்டில், கோர்ட்டு விசாரணை இருட்டில். பட்டப்பகலில் போலீஸ் ஸ்டேஷனுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் என்ன, கை அழுகிவிடுமா?

வேறு யாருடைய கதையாக இருந்தாலும் டிவியை நிறுத்திவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இதில் என் அப்பா நடித்திருக்கிறார்.

அப்பா பெயர் தாசையன். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இருபது வயதில் இங்கே, இந்த மலையாள ஊருக்கு வந்தவர். நாற்பது வருஷம் சாலையில் ஒரே சாயாக் கடையில் டீ மாஸ்டராக நின்றார். போன வருஷம் அந்தக் கடையில் ஒரு வெப் சீரிஸ் எடுக்க வந்தார்கள். டைரக்டர் பிரஜின் என்று ஒரு பையன், முப்பது வயதிருக்கும். டீ மாஸ்டராக நடிக்க வந்தவன் சாயா அடிக்கத் தெரியாமல் பாதியைக் கையிலும் பாதியைத் தரையிலும் ஊற்றினானாம். "சேட்டன் தன்னே நின்னோளூ" என்று அப்பாவையே நிற்க வைத்துவிட்டார்கள். நாயகனுக்கு ஒரு சாயா அடித்துக் கொடுக்க வேண்டும், ஒரு வரி பேச வேண்டும், அவ்வளவுதான் வேஷம்.

அப்போது பகல் பதினோரு மணி. கடையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, உள்ளே எட்டு விளக்கு போட்டார்கள். நான் துணிக்கடையில் பத்து நிமிடம் சொல்லிவிட்டு ஓடிப்போய்த் துணி இடுக்கு வழியாகப் பார்த்தேன். கிறிஸ்மஸுக்குப் புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார் அப்பா.

இரண்டே மாதத்தில் போய்விட்டார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

போட்டோ இருக்கிறது. ஆதார் கார்டில் முறைத்துக்கொண்டு இருப்பார், கல்யாணப் படத்தில் பயந்துபோய் இருப்பார். நடக்கிற, பேசுகிற, சிரிக்கிற அப்பா முழுக்க என் போனில்தான் இருந்தார். அவர் போன மூன்றாம் மாதம், அம்மாவுக்கு ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று பொன்முடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் கல்லாற்றில் இறங்கிக் குனிந்து முகம் கழுவினேன். இடுப்பில் செருகியிருந்த போன் ஆற்றோடு போயிற்று. அது என் தப்பு. அதற்காக என்னை நானே திட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. அம்மா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "அந்த சினிமா வரும்லா மக்களே, அதுல பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு காட்சிக்குத்தான்.

அப்பாவின் முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு முந்தின வாரம் சீரிஸ் வந்தது. "தனியா பாக்காண்டாம், எல்லாரும் வந்த பெறவு பாப்போம்" என்றாள் அம்மா. அவள் சொன்னபடியே விட்டேன். ஜெபத்துக்குச் சபையாரும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாருமாக இருபத்தைந்து பேர் வந்தார்கள். பாஸ்டர் ஜெபித்து முடித்துப் போன பிறகு டிவியைப் போட்டேன். அம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

முப்பத்தோராவது நிமிடத்தில் சாயாக் கடை வந்தது. வந்தது என்று நான்தான் சொல்கிறேன். திரையில் இருந்தது அடுப்புக்கரி. அதற்குள் ஏதோ அசைந்தது. கண்ணாடி கிளாஸ் முட்டுகிற சத்தம் கேட்டது. "ஒரு சாயா எடுக்கட்டே?" என்று ஒரு குரல் வந்தது. அது அப்பாவின் குரலே இல்லை. எவனோ ஒருவன், நியூஸ் வாசிக்கிற மாதிரி சுத்தமாகக் கேட்டான்.

டிவி கெட்டுப்போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒருவர் வயரை ஆட்டினார். ஒருவர் ரிமோட்டை வாங்கி வெளிச்சத்தைக் கூட்டினார். ஜன்னலைச் சாத்தினோம், விளக்கை அணைத்தோம். திரும்பப் போட்டுப் பார்த்தால் அதே அடுப்புக்கரிதான்.

"எங்க மக்களே? அப்பாவ எங்க?" என்று கேட்டாள் அம்மா.

சித்தப்பாதான் எழுந்துபோய் இடது பக்கம் கொஞ்சம் திட்டாகத் தெரிந்த ஒன்றைக் காட்டி, "அந்தா நிக்காருல்லா மைனி, பாருங்க" என்றார். உடனே இருபத்தைந்து பேரும், "ஆமா, அவருதான். அவரேதான்" என்றார்கள். துக்க வீட்டில் கைம்பெண்ணிடம் இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. நானும் ஆமாம் என்றேன். அம்மா எழுந்துபோய் அந்த உருவத்தைக் கையால் தடவினாள். "கொஞ்சம் தடிச்சிட்டாரு, இல்லியா?" என்று சொல்லி அழுதாள்.

மறுநாள் காலையில் அந்தக் காட்சியைப் போனில் நிறுத்தி, வெளிச்சத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டிப் பார்த்தேன். அம்மா தடவியது கடையின் செம்புப் பாய்லரை. அப்பா அதற்கு அந்தப் பக்கம் நிற்கிறார். ஒரு கையும் கிளாஸின் விளிம்பும் மட்டும் தெரிகிறது. முகம் இருக்கிற இடத்தில் மை.

இதைப் போய் எப்படிச் சொல்வது? அம்மா அன்றிலிருந்து தினம் சாயங்காலம் டிவியைப் போட்டு, முப்பத்தோராவது நிமிடத்தில் நிறுத்தி, பாய்லரிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். "இன்னைக்கு நல்ல மழை, கேட்டேளா. மலருக்கு இன்னும் சளி விடல்ல." மலர் நான்தான். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். யார்மேல் எரிகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து நாள் பொறுத்தேன். பதினாறாம் நாள் கடையில் லீவு சொல்லிவிட்டு, வழுதக்காட்டில் இருந்த சீரிஸ்காரர்கள் ஆபீஸுக்குப் போனேன்.

மாடியில் ஒரு ஏசி அறை. அதுவும் இருட்டு. பெரிய திரைக்கு முன்னால் பிரஜின் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஷீஜா என்றொரு பெண் இருந்தாள். எடுத்த படத்துக்கு நிறமும் வெளிச்சமும் கூட்டிக் குறைக்கிற வேலை அவளுடையதாம். நான் யார் என்று சொன்னதும் பிரஜின் எழுந்து நாற்காலி போட்டான். மரியாதைக்குக் குறைவில்லை.

"எங்க அப்பாவுக்க மொகம் எங்க?" என்று கேட்டேன். எனக்கு மலையாளம் நன்றாக வரும். ஆனால் கோபம் வந்தால் அது ஓடாது, தமிழ்தான் வரும்.

"சேச்சீ, அது மூட் ஆணு. ஹீரோயுடெ உள்ளிலெ இருட்டாணு நம்மள் காணிக்குன்னது."

"அவனுக்க உள்ளுல இருட்டுன்னா அவன் மூஞ்சியில கரிய பூசு. எங்க அப்பா என்ன செஞ்சாரு? கொதிக்குத பாலை இந்த இருட்டுல வச்சு எவனாவது அடிப்பானா? கை வெந்து போவாதா? உனக்க வீட்டுல சாயா போடுறவங்க லைட்டை அணைச்சுப்போட்டா அடுப்பு பத்த வைக்காங்க?"

"நல்ல டிவியில் கண்டால் எல்லாம் தெளிஞ்ஞு காணாம், சேச்சீ."

"உனக்க அம்மை எந்த டிவியில பாத்தா?"

ஷீஜாதான் திரையைப் பார்த்துக்கொண்டே, "இவன்றெ அம்மையும் ஒன்னும் கண்டில்லா என்னு பறஞ்ஞு" என்றாள். அவன் அவளை முறைத்தான்.

"சரி, குரலை எதுக்கு மாத்துன?"

"சேட்டன்றெ மலையாளத்தில் தமிழ் கலர்ந்நிட்டுண்டு. அதுகொண்டு டப் செய்து."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. "தம்பி, நீ படம் எடுத்தது சாலையில. அங்க தமிழ் கலக்காத மலையாளம் எந்தக் கடையில பேசுகான், சொல்லு பாப்போம். மொகத்தையும் எடுத்தாச்சு, சத்தத்தையும் எடுத்தாச்சு. அப்புறம் எதுக்கு அவரு? அந்தப் பாய்லரு மட்டும் போராதா உனக்கு?"

பாய்லர் என்ற வார்த்தை வாயில் வந்ததும் மற்றதும் கூடவே வந்துவிட்டது. அம்மா தடவியதையும், தினம் சாயங்காலம் பேசுவதையும் சொன்னேன். சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் போயிருந்தேன். வெளியாரிடம் என் அம்மாவை இப்படிச் சொல்ல வேண்டி வந்ததே என்று இன்னும் ஆத்திரம் கூடியது. "நான் அன்னைக்கு வந்து பாத்தேன். எட்டு லைட்டு எரிஞ்சுது. அந்த வெளிச்சம் எல்லாம் எங்க போச்சு?"

ஷீஜா என் பக்கம் திரும்பினாள். "ஷூட்டில் வெளிச்சம் உண்டாயிருந்நு, சேச்சீ. ஞானாணு குறைச்சது. இவன் பறஞ்ஞிட்டு" என்றாள்.

அதாவது முகம் பதிவாகி இருந்திருக்கிறது. இவன் சொல்ல, அவள் குறைக்க, கையில் வைத்துக்கொண்டே மறைத்திருக்கிறார்கள். வெண்ணெய் இவர்கள் கைக்குள் இருக்க, என் அம்மா நெய்க்கு அலைந்தாள். எனக்கு எழுந்து அந்தத் திரையை உடைக்க வேண்டும்போல இருந்தது.

"போடு" என்றேன். "எனக்கு இப்ப பாக்கணும்."

பிரஜின் கம்பெனி, ஒப்பந்தம் என்று ஏதோ ஆரம்பித்தான். ஷீஜா கேட்டுக்கொள்ளவில்லை. எதையோ தேடி எடுத்து ஓடவிட்டாள்.

கடை முழுக்க வெளிச்சம். அப்பா நிற்கிறார். தோளில் அந்தப் பச்சைத் துண்டு, இடது புருவத்தில் அந்த நரை, மேல் வரிசையில் அந்த இல்லாத பல். கையை உயர்த்திச் சாயாவை ஒரு முழம் நீட்டி அடிக்கிறார், ஒரு துளி வெளியே போகவில்லை. "ஒரு சாயா எடுக்கட்டா?" என்கிறார், அவர் குரலில், அவர் மலையாளத்தில். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

'கட்' என்று யாரோ சொன்னார்கள். காமிராவை உடனே நிறுத்தவில்லை. அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தார். காமிராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்து, வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார்.

"தம்பி, எனக்க மொகம் நல்லா தெரியுமா? வீட்டுக்காரி பார்ப்பா, அதான் கேட்டேன்."

படத்துக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

"நன்னாயிட்டு காணாம், சேட்டா. ஒரு டென்ஷனும் வேண்டா."

அது பிரஜினின் குரல். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்போடு படம் நின்றது.

"திரும்பப் போடு" என்றேன். ஷீஜா போட்டாள். "இன்னொரு தடவை" என்றேன். முதல் தடவை எனக்காகப் பார்த்தேன். மற்ற இரண்டும் அவன் கேட்கட்டும் என்று போடச் சொன்னேன். மூன்றாவது முறை ஓடி முடிந்ததும் ஷீஜா அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பென் டிரைவை எடுத்துச் செருகினாள். அவனும் தடுக்கவில்லை.

"சேச்சீ, ஸாரி" என்றான் பிரஜின், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? உங்கிட்ட கேட்டது நானில்ல. அந்தா நிக்காரு, அவருகிட்ட சொல்லு."

பிரஜின் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தான். அப்பா அவனை நம்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.