உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி

லோகுவுக்குக் கீமோ மருந்து இன்னும் பாதிகூட இறங்கவில்லை. துணைக்கு வந்திருந்த யேசுதாஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் விளிம்பில் காலைத் தூக்கிப் போட்டான். அவன் உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்ததிலிருந்து லோகுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இருவரும் கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் ஒரே ஷிஃப்ட். அங்கே காலில் கறுப்பாக எது தெரிந்தாலும் அது இரும்புத் தூள்தான். வேறு எதுவாகவும் இருக்கக் கூடாது என்று சட்டமே போட்ட மாதிரி. டீ நேரத்தில் ஒருவர் காலை ஒருவர் மடியில் வைத்து ஊக்கால் நோண்டி எடுப்பார்கள். லோகுவின் காலில் வந்த கறுப்பையும் யேசுதாஸ்தான் மாசக்கணக்கில் நோண்டினான். வந்தால்தானே? தோல் புற்றுநோய் என்று தெரிவதற்குள் அது தொடையிடுக்கு வழியாக நுரையீரல்வரை போய் உட்கார்ந்துகொண்டது.

"காலுல இன்னாடா அது?"

"தூளு மச்சான். நடந்தா குத்துது."

"டாக்டராண்ட காட்டு."

"சொம்மா கெட. உனுக்கு வந்தா ஊருக்கே வருமா? உன் வூட்டுக்காரம்மா செண்பகம் வந்துக்கினே கீது. நான் டிரெயின புடிக்கணும், ஷிஃப்ட் கீது."

சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினான். லோகுவுக்குக் குமட்டலோடு கோபமும் பொங்கியது. அன்றைக்கு ஒருத்தன் இப்படித் தன்னைப் பிடித்து நிறுத்தியிருந்தால்? ஊசி குத்தியிருந்த கையின் பிளாஸ்திரியைப் பிடித்துக்கொண்டான்.

"நீ போனா இத்தப் புடுங்கிப் போட்ருவேன்."

"பேஜாரு பண்ணாத லோகு."

லோகு பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிரித்தேவிட்டான். நர்ஸ் ஓடிவந்து இருவரையும் திட்டித் தீர்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்.

அவர் லென்ஸ் வைத்துக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யேசுதாஸின் முகத்தில் ஈயாடவில்லை. லோகு தனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான். டாக்டரம்மா ஸ்பிரிட் தடவி, ஊசி முனையால் மெல்லக் கிளப்பிப் பஞ்சில் எடுத்து நீட்டினார்.

"இரும்புதான். பயப்படாதீங்க."

யேசுதாஸ் சிலுவை போட்டுக்கொண்டான். லோகு சிரித்தான். வேஷமில்லை, வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. பஞ்சைக் கேட்டு வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கடுகளவு துகள். பார்க்கப் பார்க்க, இருபது வருஷப் பழக்கத்தில் ஒருநாளும் வராத பொறாமை நண்பன்மேல் வந்தது.

"அந்தம்மா ஒரு குத்துல எடுத்துச்சே. என்னுதும் இப்படி வந்துருக்கக் கூடாதாடா?"

மாசக்கணக்கில் தான் நோண்டிய அந்தக் காலை யேசுதாஸ் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.