எண்பதடி மரத்துக்கு ஒரு செயின்சா

மெஷின்களுக்கு வாய் இருந்தால் என் பிழைப்பு என்றைக்கோ நாறியிருக்கும். என் பெயர் அர்ஜுனன், பெங்களூர் அல்சூரில் மரம் வெட்டுகிறவன். நான் மேலே ஏறி வெட்டுவேன். என் மனைவி சாந்தகுமாரி கீழே நின்று கயிறு பிடிப்பாள். வெட்டப்போகிற துண்டில் முதலிலேயே நான் கயிறு கட்டிவிடுவேன். அதன் மறுமுனையைப் பக்கத்து மரத்தின் உயரக் கவையில் போட்டு இறக்கி, அடியில் மூன்று சுற்று சுற்றி அவள் கையில் வைத்துக்கொள்வாள். துண்டு பிரிந்ததும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்குவாள். துண்டு எந்தப் பக்கம் விழும் என்று நான் முடிவு செய்வதாக வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது அவள் கையில்தான் இருக்கிறது.

தொண்ணூற்றேழில் காக்ஸ் டவுனில் ஒரு சில்வர் ஓக் வெட்டினோம். செயின்சா வைத்தீஸ்வரன் கடையில் வாடகைக்கு எடுத்தது. டாங்கில் பாதி பெட்ரோல் இருந்தது. போதும் என்று ஏறிவிட்டேன், சோம்பேறித்தனம். ஒரு பெரிய கிளையைப் பாதி அறுத்தபோது பெட்ரோல் தீர்ந்து மெஷின் நின்றது. கீழே குரல் கொடுத்திருக்க வேண்டும். நானோ நிறுத்தாமல் ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிளை தானாகக் கிழிந்து போனது. எதிர்பார்க்காமல் நின்றவளின் கையைக் கயிறு மரத்தோடு வைத்து நசுக்கியது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உடைந்தன. இன்றைக்கும் அவை மடங்குவதில்லை.

"மெஷின் நின்னுபோச்சு" என்றேன். அது பொய் இல்லை. ஏன் நின்றது என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். அவள் கட்டுப் போட்ட கையோடு நேராக வைத்தீஸ்வரன் கடைக்குப் போய், நாலு பேர் பார்க்க அவரைக் கிழி கிழியென்று கிழித்தாள். "நல்ல மெஷின்மா அது" என்று அவர் சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

"இனிமே வாடகை மெஷின் வேணாம். நம்பிக்கையா ஒண்ணு சொந்தமா வாங்கு. அப்பதான் கயிறு புடிப்பேன்" என்றாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கயிற்றை ஒரேயடியாக விட்டுவிடுவாளோ என்று பயம். மெஷினை மாற்றலாம், புருஷனை என்ன செய்வாள்? அதனால் நல்ல பிள்ளையாக அவள் பின்னால் கடை கடையாக ஏறினேன்.

அடுத்த வருஷம் ரிச்சர்ட்ஸ் டவுனில் வேலை வந்தது. ஓஸ்வால்ட், டோரீன் என்று வயதான தம்பதி. அவர்கள் காம்பவுண்டில் இரண்டு கிறிஸ்துமஸ் மரங்கள், எண்பதடிக்குக் குறையாது. அடியில் கட்டிப்பிடித்தால் என் கை எட்டவில்லை. ஒன்று மழைக்காலத்தில் வேர் தளர்ந்து வீட்டின் ஓட்டுக்கூரைப் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டையும் எடுக்கச் சொல்லி அனுமதியும் வாங்கி வைத்திருந்தார்கள். கைரம்பத்தால் ஆகிற காரியமில்லை. அந்த மரம் பிசினைக் கக்கி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும்.

எஸ்.பி. ரோடில் சீனிவாசராகவன் என்பவர் கடையில் இரண்டு மெஷின்கள் எடுத்து வைத்தார். ஒன்றின் பிளேடு இருபத்தைந்து அங்குலம், பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. மற்றது பதினெட்டு அங்குலம், சாதுவாக இருந்தது. நான் பெரியதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

"இத இடுப்புல கட்டிட்டு எம்பதடி ஏறுவியா?" என்றாள் சாந்தா.

"மரம் பெருசு, சாந்தா."

"ரெண்டு பக்கம் மாத்தி அறுத்தா சின்னதுலயே அறுபடும். சார், ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க."

பின்கட்டில் ஒரு கட்டையைப் போட்டு ஓட்டினார்கள். குளிர்ந்த மெஷின் ஒரே இழுப்பில் கிளம்புவதைப் பார்த்து நான் திருப்தியாகிவிட்டேன். அவள் ஆகவில்லை. பத்து நிமிஷம் ஓட்டு, நிறுத்து, சூட்டோடு மறுபடி கிளப்பு என்றாள். மரத்தின் மேல் ஒவ்வொரு கிளைக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் வேலை நடக்கும், சூடான மெஷின் முரண்டு பிடித்தால் அங்கே யாரைக் கூப்பிடுவது? ஐந்தாவது தடவை பெரியது கிளம்ப மறுத்து என் தோள்பட்டையைக் கழற்றியது. சின்னது இரண்டாவது இழுப்பில் கிளம்பியது.

"செயினும் பிளக்கும் பெங்களூர்லயே கெடைக்குமா சார்?"

"கெடைக்கும்மா, எங்கிட்டயே இருக்கு" என்ற சீனிவாசராகவன் என் பக்கம் திரும்பி, "இவாளையே கூட்டிண்டு வந்து எல்லாத்தையும் வாங்குங்கோ" என்றார். அவள் அந்த மடங்காத விரல்களால் பிளேடைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையை அந்தக் கடையிலேயே சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லவில்லை.

சின்னதையே வாங்கி, வெள்ளிக்கிழமை அதற்குப் பூஜை போட்டோம். எங்கள் தொழிலில் கோடாலிக்கும் கயிற்றுக்கும்கூடப் பொட்டு வைக்காமல் வேலைக்கு எடுப்பதில்லை. நான்தான் வைத்தேன். பெட்ரோல் டாங்கின் மூடி வட்டமாக நெற்றி மாதிரி அம்சமாக இருந்ததால், அதன் நடுவில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி மேலே குங்குமம் வைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் ரிச்சர்ட்ஸ் டவுன். சாய்ந்த மரத்தில்தான் ஆரம்பம். ஓஸ்வால்ட் வராந்தாவில் நின்றுகொண்டு, "ரூஃப் பத்திரம் மேன், இந்த ஓடெல்லாம் இப்போ கெடைக்கிறதே இல்ல" என்று பத்தாவது தடவையாகச் சொன்னார். டோரீன் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். டாங்கை நிரப்பிக்கொண்டு ஏறினேன். ஏறும் வழியில் குறுக்கே நின்ற கிளைகளைக் கழித்துக்கொண்டே போனதில், அறுபத்தைந்து அடியில் உச்சித் துண்டுக்குக் கயிறு கட்டும்போது மணி பதினொன்று. துண்டு சாய வேண்டிய தோட்டத்துப் பக்கம் ஆப்பு வடிவில் வாய் வெட்டிவிட்டு, பின்பக்கம் அறுக்க ஆரம்பித்தேன். பாதி போயிருக்கும், மெஷின் இருமிவிட்டு நின்றது. இழுத்தேன், கிளம்பி உடனே நின்றது. மறுபடியும் அப்படியே. காற்று உச்சியைக் கூரைப் பக்கம் தள்ள, வெட்டு வாய் கிறீச்சென்றது.

"சாந்தா, இறுக்கிப் புடி! பாதி வெட்டுல நிக்குது!" இந்தத் தடவை குரல் மட்டும் கொடுத்துவிட்டேன்.

கயிறு விண்ணென்று இழுபட, உச்சி தோட்டத்துப் பக்கம் அடங்கி நின்றது. எனக்கு மூச்சு வந்தது. மெஷினை இடுப்புக்கு இழுத்து டாங்க் மூடியை மெல்லத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. பெட்ரோல் நிறையவே இருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மூடியில் காற்றுப் போக ஊசித்துளை ஒன்று உண்டு. காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் இறங்கும். என் சந்தனப் பொட்டு அந்தத் துளையைச் சிமெண்டு பூசின மாதிரி அடைத்திருந்தது. கிளைகளுக்கு விட்டு விட்டு ஓட்டியவரை தாங்கிய மெஷின், விடாமல் ஓட்டியதும் மூச்சு முட்டிப் போயிருக்கிறது.

"மெஷினா?" என்று கீழேயிருந்து கத்தினாள். "அந்த ஐயங்கார் நல்லா ஏமாத்திட்டாருய்யா! இரு, சாயங்காலம் கடைக்குப் போயி அவர என்ன பண்றேன் பாரு!"

கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, மரத்தின் ஊசியிலையால் ஒரு குத்து. முடிந்தது கதை, ஒருத்தருக்கும் தெரியாது. சீனிவாசராகவன் திட்டு வாங்குவார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டலாம், பழக்கம்தானே. கீழே பார்த்தேன். மூன்று விரல்களில் கயிற்றைச் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு மரத்தின் தலையை ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு விரல்களும் நீட்டிக்கொண்டு நின்றன. எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றேன். "நான் வெச்ச சந்தனம் ஓட்டைய அடைச்சிருச்சு."

"சரி, எடுத்துட்டு வெட்டு."

"சாந்தா, போன வருஷமும் மெஷின் மேல தப்பு இல்ல. பெட்ரோல் தீந்துபோச்சு. நான்தான் பாக்காம ஏறிட்டேன்."

எண்பதடி மரத்தின் மேலிருந்து சொன்னால் தெருவுக்கே கேட்கும். மறுபடி வராந்தாவுக்கு வந்திருந்த ஓஸ்வால்ட் தொண்டையைச் செருமினார். சாந்தா அண்ணாந்து என்னையே பார்த்தாள். கயிறு தளர்கிறதா என்று நான் உச்சியைப் பார்த்தேன், அது அசையவில்லை.

"அந்த வைத்தீஸ்வரன நான் என்னவெல்லாம் பேசினேன்?" என்றாள். "நீ பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"ஒரு வருஷமா கடை கடையா ஏறினமே, அப்பகூடவா வாயில வரல?"

"நீ கயிறு புடிக்க மாட்டியோன்னு பயம்."

"இப்ப மட்டும்?"

"இப்பவும் பயம்தான்."

அவள் இடது தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலை மாற்றி ஊன்றினாள். நான் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, மூடியைத் திருகி, பிளேடைப் பின்பக்க வெட்டில் வைத்தேன். எப்போதும் நான் "வெட்டறேன்" என்பேன், அவள் "வெட்டு" என்பாள். அவள் சொல்லாமல் நான் மெஷினைத் தொட மாட்டேன். எங்கள் வழக்கம் அது.

"வெட்டறேன்" என்றேன்.

"பெட்ரோல் பாத்தியா?" என்றாள்.

டோரீனும் ஓஸ்வால்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மாடியிலும் ஆட்கள் நின்றார்கள். மறுபடி மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மூடி, "பாத்தேன்" என்றேன். அப்புறம்தான் "வெட்டு" வந்தது. உச்சி தோட்டத்துப் பக்கம் சாய்ந்து, கயிற்றில் தொங்கி, ஓடு ஒன்றைக்கூடத் தொடாமல் இறங்கியது.

மறுநாள் வைத்தீஸ்வரன் கடைக்குப் போய், நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்து உண்மையைச் சொன்னேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார், அது திட்டை விட மோசமாக இருந்தது. ஒன்பது வருஷமாகிறது. இரண்டு செயின்சா மாற்றிவிட்டோம். எந்தக் காம்பவுண்டாக இருந்தாலும், யார் நின்று பார்த்தாலும், ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அவள் கீழேயிருந்து அதே கேள்வியைக் கேட்கிறாள். நானும் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.