வராத பிள்ளைக்கான சரணம்

வெர்லா அந்தப் பாட்டை எழுதியது உலகத்துக்காக அல்ல, தன் மகன் கோல்பிக்காக. அதை உலகத்துக்கு அனுப்பச் சொல்லி விடாமல் நச்சரித்தவர் அவளுடைய அண்ணன் ஆர்டன்.

உலகத்தில் இருக்கிற தன் கிளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாட்டுப் புத்தகம் போடப்போவதாக அவர்களுடைய கிறிஸ்தவச் சபை அறிவித்திருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். பெயரை மறைத்து, வெறும் எண் போட்டுத்தான் குழுவின் முன் வைப்பார்கள். குழுவில் யாருக்காவது எழுதியவர் இன்னார் என்று தெரிந்துவிட்டால், அவர் பேசாமல் எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஆர்டன் அந்தக் குழுவில் இருந்தார். தாங்கள் வசிக்கும் சான்பீட் பள்ளத்தாக்கிலிருந்து மாதம் இரண்டு தடவை, குழு கூடும் சால்ட் லேக் சிட்டிக்குக் கார் ஓட்டிப் போய்வருவார்.

"உன் பாட்டு மேஜைக்கு வந்தா நான் எழுந்து போயிடுவேன். நீ தைரியமா அனுப்பு" என்றார் அவர்.

கோல்பி ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி ஆறு வருஷம். நெவாடாவில் தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். வாராவாரம் போனில் "வாடா, இந்த ஒரு தடவை வாடா" என்று கெஞ்சிக் கெஞ்சி வெர்லாவுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் கெஞ்சுவதை விட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதினாள். மூன்றாவது சரணம் இப்படி இருந்தது:

வராத பிள்ளைக்கும் இங்கே இடமுண்டு,
வா என்று கேளாமல் வைத்திருப்போம்.

போனில் படித்துக் காட்டினாள்.  கோல்பி சிரித்தான். "உங்க ஆளுங்க இதைப் பாடுவாங்களா? பாடட்டும்மா. பாடுற அன்னைக்கு நான் வந்து உக்கார்றேன்."

இரண்டு வருஷம் கழித்து, பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. தேவைப்பட்டால் சொற்களைத் திருத்துவார்கள் என்று ஒரு வரி இருந்தது. ஆர்டன் இருக்கிறாரே என்று வெர்லா கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பாட்டு வெளியாகும் வியாழக்கிழமைக்கு அடுத்த ஞாயிறே தங்கள் ஆலயத்தில் பாடுவதென்று முடிவாயிற்று. கோல்பி வருவதாகச் சொன்னான். அவனுக்குப் பிடிக்குமே என்று சீஸ் போட்ட உருளைக்கிழங்குக்கு வேண்டியதெல்லாம் வாங்கி வைத்தாள்.

வியாழக்கிழமை பாட்டு சபையின் செயலி வழியாகப் போனில் வந்தது. முதல் இரண்டு சரணத்திலும் கை வைக்கவில்லை. மூன்றாவது இப்படி இருந்தது:

வழிதவறிய பிள்ளை வருந்தி வந்தால்
வாசலைத் திறந்து சேர்த்துக்கொள்வோம்.

அதற்குக் கீழே 'வெர்லா யோர்கன்சன்' என்று போட்டிருந்தது. அவள் மகனுக்குப் போன் போட்டாள். சுரங்கத்தில் சிக்னல் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை குழுவிலிருந்த டோங்கா நாட்டுப் பெண் இலைசானே வாழ்த்துச் சொல்ல அழைத்தாள். "மறைச்சு வச்ச பேரை இப்பத்தான் சொன்னாங்கக்கா. அந்த மூணாவது சரணத்துக்கு நாங்க அழுதோம் தெரியுமா? அப்படியே இருக்கட்டும்னுதான் எல்லாரும் சொன்னோம். ஒருத்தர் மட்டும் மாத்தியே ஆகணும்னு மூணு கூட்டம் மல்லுக்கு நின்னு ஜெயிச்சுட்டார். எழுதினவங்க மேல என்ன கோபமோன்னு நினைச்சேன். கடைசியில பார்த்தா உங்க சொந்த அண்ணனாம்!"

 வெர்லா நேராக ஆர்டன் வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறையில் பீச் பழத்தைப் கண்ணாடி ஜாடியில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுந்து போறேன்னு சொன்னியே அண்ணா. ஏன் போகலை?"

"போயிருந்தா அது அப்படியே அச்சாகியிருக்கும். வராதவனுக்கு இடம் வைன்னா, அப்புறம் எவன்மா வருவான்? தாய் நீ சொன்னா அவன் மனசு மாறும்னுதான் திருத்தினேன்."

"நான் அதைச் சொல்லலையே! என் வாயில உன் வார்த்தையைத் திணிச்சு என் பிள்ளைகிட்ட அனுப்பியிருக்கே. இதைப் பண்ண உனக்கு எப்படி மனசு வந்தது?"

"ஒருநாள் எனக்கு நன்றி சொல்லுவே" என்றார் ஆர்டன். முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை. அடித்துவிடலாம் போல இருந்தது வெர்லாவுக்கு.

ஞாயிறு காலையும் கோல்பி போனை எடுக்கவில்லை. ஆலயத்தில் ஆர்கன் வாத்தியம் வாசிப்பவள் வெர்லாதான். அதன் முன் அவள் உட்கார்ந்தபோது அவன் வெள்ளைச் சட்டை, டையோடு கடைசி வரிசையில் இருந்தான். அவளைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினான். இரண்டு சரணத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று பாட்டு நடத்தும் பெண்ணிடம் அவள் முன்பே சொல்லிவிட்டாள். இரண்டாவது முடிந்ததும் கையை எடுத்தாள்.

முன்வரிசையில் இருந்த ஆர்டன் பாடுவதை நிறுத்தவில்லை. ஆர்கன் இல்லாமலே மூன்றாவது சரணத்தைத் தொடங்கினார், தங்கை மறந்துபோனதை எடுத்துக்கொடுப்பவர் போல. போனைப் பார்த்தபடி சபை முழுக்கச் சேர்ந்துகொண்டது. வழிதவறிய பிள்ளை, வருந்தி வந்தால். கோல்பி எழுந்தான்.

வெர்லா ஆர்கன் வாசிக்கும் மெல்லிய செருப்போடு நடுவழியாக ஓடினாள். வெளியே அவன் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தான்.

"அது நான் எழுதினதில்லைடா! உன் மாமா மாத்திட்டார்!"

"ஆர்டன் மாமாவா?" கோல்பி கண்ணாடியை இறக்கினான். "இந்த எட்டு வருஷத்துல என்னைத் திரும்பி வான்னு ஒரு தடவைகூடச் சொல்லாதவர் அவர் ஒருத்தர்தாம்மா. அவர் மேல ஏன் பழி போடுறே? கீழே உன் பேர்தானே இருக்கு? வாராவாரம் கூப்பிட்டதும் நீதானே?"

 வாராவாரம் கூப்பிட்டது அவள்தான்.