மங்காத கல்

குறித்த நேரம் வந்தது, போனது. கல் மங்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அக்கா திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். இங்கே நல்ல வெயில். எதிர் மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். தொலைநோக்கி இருப்பதோ உலகத்தின் மறுபக்கத்தில், அங்கே இருட்டு. அங்கிருந்து ஒவ்வொரு படமாக வர வர, திரையில் கல்லின் வெளிச்ச அளவு ஒவ்வொரு புள்ளியாக விழுந்தது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் லட்சக்கணக்கான கற்களில் அந்தக் கல்லும் ஒன்று. அதை ஒரு குட்டிக்கல் சுற்றி வருகிறது என்று அக்காவும் தம்பியும் போன மாதம் அறிவித்திருந்தார்கள். குட்டி பெரியதை மறைக்கும்போது வெளிச்சம் குறையும், புள்ளிகள் பள்ளத்தில் இறங்கி ஏறும். அக்கா அளந்தாள், தம்பி கணக்குப் போட்டான். இன்றைக்கு எப்போது பள்ளம் விழும் என்றும் ஊருக்கே சொல்லி வைத்தார்கள். எல்லாம் வீம்புதான்.

வீம்புக்குக் காரணம் பேராசிரியர். துறையில் பெரிய தலை. 'மேகம் போனதைப் பார்த்துட்டுக் குட்டிக்கல்லுங்கறாங்க' என்று நாலு பேர் முன்னால் சிரித்தவர். தம்பிக்கு வேலை உண்டா இல்லையா என்று அடுத்த வாரம் சொல்லப்போகிறவரும் அவரே. இன்று பள்ளம் விழாவிட்டால் அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான். இந்தப் பருவத்தை விட்டால் இரண்டு கல்லும் நம் பார்வைக்கு நேராக வர வருஷக்கணக்காகும். தொலைநோக்கியும் இன்னும் சில நிமிடங்களில் பேராசிரியர் கைக்குப் போய்விடும். இறக்கம் தெரிந்தால் போதும் என்று, கிடைத்த கொஞ்ச நேரத்தைத்தான் இவர்கள் வாங்கியிருந்தார்கள்.

"ஒண்ணும் இல்லையா?" தம்பி பின்னால் வந்து நின்றான்.

"நீயே பாரு. இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு."

"மேகம் ஏதாவது?"

"வானம் பளிச்சுனு இருக்கு. என் அளவுல ஒரு குறையும் இல்ல. உன் கணக்கைப் போய்ப் பாரு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்? தம்பியின் முகம் சுண்டிப்போனது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அக்கா அவன் கணக்கைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். அந்தக் கல்லிலிருந்து வெளிச்சம் நம்மிடம் வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். நாம் பார்க்கும் மங்கல் கால் மணிக்கு முன்னால் அங்கே நடந்தது. அதனால் பார்த்த நேரத்திலிருந்து கால் மணியை ஒருமுறை கழித்துக் கணக்குப் போட்டு, கடைசியில் ஒருமுறை கூட்டுவார்கள். தம்பியும் கழித்திருந்தான். ஒழுங்கான பிள்ளை.

அவளும் கழித்திருந்தாள். அளந்த கையோடு கழித்துவிடுவது அவள் வழக்கம். அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள், இரண்டு பேரும் கழித்து, கால் மணி முன்கூட்டியே நேரம் குறித்துவிட்டார்கள். பள்ளம் இனிமேல்தான் விழ வேண்டும்.

பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், எங்களுக்கு இன்னும் அரை மணி நேரம் வேணும்."

"ஏன், கல்லு மங்கலையா?" பேராசிரியரின் குரலில் சிரிப்பு.

"நேரம் தப்பாயிடுச்சு சார். வெளிச்சம் வர்ற நேரத்தை ரெண்டு பேருமே கழிச்சுட்டோம். நான் கழிச்சதை அவன்கிட்ட சொல்லல."

"முதல் வருஷப் பசங்க பண்ற தப்பும்மா இது."

"ஆமா சார்."

"அரை மணி எடுத்துக்கோங்க. நானும் பார்த்துட்டிருப்பேன்."

போனை வைத்ததும் தம்பி வெளியே வந்தான். அழுதிருந்தான் போல.

"அறிவிப்பை வாபஸ் வாங்கறோம்னு எல்லாருக்கும் அனுப்பிட்டேன். கணக்கு என்னுது, தப்பும் என்னுதுன்னு போட்டுட்டேன். உன் அளவைப் பத்தி இனி யாரும் வாய் திறக்க முடியாது."

அளப்பதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை என்று துறையில் பேச்சு. அந்தப் பெயரைக் காப்பாற்ற இவன் தன் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான்.

"உன் கணக்கு சரிடா," என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீயும் கழிச்சியா?" அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். ஒரு புள்ளி சற்றுக் கீழே விழுந்தது. இது ஒரு பொருட்டில்லை, சும்மாவே அப்படி விழும். அடுத்தது அதற்கும் கீழே விழுந்தது. அதற்கடுத்ததும் கீழே. தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடி வலித்தது.

போன் அடித்தது.

"இறங்குதும்மா, பார்த்தேன்," என்றார் பேராசிரியர். "உன் தம்பி அனுப்பினதையும் பார்த்தேன். இப்ப எல்லாருக்கும் நானே பதில் எழுதப்போறேன். தப்பு யாருதுன்னு போடட்டும்?"

"என்னுதுன்னு போடுங்க சார். என் பேரைப் போட்டே எழுதுங்க."

தம்பி போனைப் பிடுங்க எழுந்தான். அவள் கொடுக்கவில்லை.