சி எண்டால் குளிர்

கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்தில் அருந்ததி புருசனின் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கிராம அலுவலர் கேட்டால்கூட அவருடைய அடையாள அட்டையை நீட்டுவாளே தவிர வாய் திறக்கமாட்டாள். வீட்டில் அவர் "இஞ்சாருங்கோ", வெளியில் "எங்கட வீட்டுக்காரர்". அந்த வீட்டுக்காரருக்குப் பெயர் சிற்றம்பலம். பரந்தனில் அவருக்கு ஐந்து ஏக்கர் வயலும் அதை உழ ஒரு லாண்ட்மாஸ்டர் மெசினும் இருந்தன. அதோடு சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலிசுக்கு 'சி' எடுத்த பெருமையும் இருந்தது. லாண்ட்மாஸ்டர் தேய்ந்துவிட்டது. பெருமை தேயவில்லை.

பிரான்சிலிருந்து தமையன் தவராசா போனில், "உனக்கு என்ன வேணும், கேள் பிள்ளை" என்றபோது அருந்ததி யோசிக்கவேயில்லை.

"கதவைப் பூட்டிப்போட்டு, சுடுதண்ணிக்குள்ள படுத்திருந்து ஒருக்காத் தோய வேணும் அண்ணை."

வயதெல்லாம் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு, ஒரு காதை ஆள் நடமாடும் ஒழுங்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தோய்ந்தவள் அவள். செட்டிகுளம் அகதி முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்கு அரைநாள் வரிசையில் நின்றவள். அவளுக்கு அது சின்ன ஆசையில்லை.

தமையன் கப்பலில் போட்டுவிட்டார். வெள்ளைத் தொட்டி, சவர், அதற்கான பைப் எல்லாம் வந்து இறங்கின. பைப்பில் இரண்டு திருகுகள். சிவப்பு நீலம் என்று நிறமெல்லாம் கிடையாது. ஒன்றின் தலையில் சி என்ற எழுத்து, மற்றதில் எஃப், அவ்வளவுதான்.

"பைப்காரன் கிருசாந்தனைக் கூப்பிடுவமே" என்றாள் அருந்ததி.

"அவனுக்கு என்ன தெரியும்? அவன் இங்கிலிசுக்குப் பெயில்" என்றார் சிற்றம்பலம்.

புதிதாகக் கட்டின குளியலறைச் சுவரில் ஏற்கெனவே இரண்டு குழாய் வாய்கள் இருந்தன. ஒன்று கூரைக்கு மேலிருந்த கறுப்புத் தாங்கியிலிருந்து வருவது, மற்றது தண்ணீர் சுடவைக்கும் கீசரிலிருந்து. அவற்றின் இடைவெளி பைப்போடு ஒத்துவரவில்லை. மனிசன் உளியை எடுத்து ஒரு பகல் முழுக்கச் சுவரைக் கொத்தினார். பின்னேரம் பைப் வந்த பெட்டியைத் துப்புரவாக்கிய அருந்ததிக்கு அடியில் இரண்டு வளைந்த துண்டுகள் கிடைத்தன. இடைவெளியைச் சரிசெய்வதற்கென்றே செய்த துண்டுகள். அவர் அவற்றை வாங்கி, "இது உபரி" என்று அலுமாரிக்கு மேல் வைத்தார்.

அடுத்த நாள் ஒழுகாமலிருக்க வெள்ளை சீல் டேப்பைச் சுற்றினார். சுற்றிய பக்கம் பிழை. பூட்டப் பூட்டக் கழன்று, தண்ணீர் அவர் முகத்திலேயே அடித்தது. மூன்றாம் நாள் ஒழுக்கு நின்றது. எந்தக் குழாயை எந்தத் திருகுக்குக் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் மிச்சம்.

"சி எண்டால் கோல்ட், குளிர். எஃப் எண்டால் ஃபயர், நெருப்பு" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். "தாங்கித் தண்ணி சி-க்கு, கீசர் எஃப்-க்கு."

அருந்ததிக்கு உண்மை தெரியும். தமையன் பெண்சாதி ராஜினி மச்சாள் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, பிரெஞ்சில சி எண்டால்தான் சுடுதண்ணியாம்."

"ஓகோ! நீ எந்தப் பள்ளிக்கூடத்தில பிரெஞ்சு படிச்சனீ?" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பூட்டியும் முடிந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. திருகு இரண்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தரும் இதில கை வைக்கக் கூடாது. அனுப்பினவர் மச்சான். நாளைக்கு அவர் வாறார். முதல் முழுக்கு அவருக்கு."

அருந்ததிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டது அவள், ஆசைப்பட்டது அவள், மூன்று நாள் சீமெந்துத் தூசி கூட்டினதும் அவள்தான். முதல் முழுக்கு மட்டும் மச்சானுக்கோ? அன்றிரவு அவள் ஒரு சொல்லும் சண்டை பிடிக்கவில்லை. சிற்றம்பலத்துக்கு விவரமிருந்தால் அப்போதே பயந்திருப்பார்.

தவராசா வந்து இறங்கியது சித்திரை வெயில் உச்சியில். அந்த நேரம் தாங்கித் தண்ணீர் எப்படிக் கொதித்துக் கிடக்கும் என்று பகலில் சட்டி கழுவுகிறவளுக்குத்தான் தெரியும். கீசர் சுவிச்சையும் அவள் காலையிலேயே போட்டிருந்தாள். கூடப்பிறந்தவன் பொசுங்கக்கூடாது என்று அளவைப் பாதியில் வைத்தாள்.

"அண்ணை, களைச்சு வந்தனீங்கள். முதல்ல தோயுங்கோ, பிறகு கதைப்பம்."

புருசனுக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீரோ மச்சான், உங்கட தங்கச்சியின்ர பாசத்தை!"

கதவு சாத்தப்பட்டது. தவராசா முப்பது வருசம் பிரான்சில் இருந்தவர், குளிருக்கு எஃப்-ஐத்தான் திருகுவார். திருகினார்.

"ஐயோ அம்மா!"

மாறிப் பூட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்திருப்பார். சி-யைத் திருகினார்.

"ஐயையோ!"

தலையில் சவர்க்கார நுரையும் இடுப்பில் துவாயுமாக வெளியே பாய்ந்தவர் கிணற்றடியில்தான் போய் நின்றார். நாலு வாளி அள்ளித் தலையில் ஊற்றிய பிறகே பேச்சு வந்தது.

"மச்சான், இந்த வீட்டில குளிர்தண்ணி எண்டு ஒண்டு இல்லையோ? பிரெஞ்சில சி எண்டால் ஷோ, சுடுதண்ணி. எஃப்தான் குளிர். ஆர் பூட்டினது?"

சிற்றம்பலம் தென்னை மரத்தைப் பார்த்தார்.

"முதல் முழுக்கு கிணத்தடியிலதானே நடந்தது" என்றாள் அருந்ததி. "அப்ப தொட்டி இன்னும் சும்மாதான் கிடக்கு." துவாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள். பூட்டு விழுந்த சத்தத்தை நின்று கேட்டாள். அந்தச் சத்தமே பாதி முழுக்கு.

தொட்டி அரைவாசி நிரம்பியது. காலை வைத்துப் பார்த்தாள், சூடு கொஞ்சம் கூடத்தான். தொட்டிக்கு மேலே சின்னச் சன்னல் இருந்தது.

"இஞ்சாருங்கோ! சன்னலடிக்கு ஒரு வாளி கிணத்துத் தண்ணி கொண்டுவாங்கோ."

சீமெந்துக் கல்லின் மேல் ஏறி நின்று சிற்றம்பலம் ஊற்றினார். இன்னொன்று கேட்டாள், ஊற்றினார். அவள் கழுத்துவரை உள்ளே இறங்கினாள். முழங்கால் நோ கரைந்து போவது தெரிந்தது. ஒழுங்கைப் பக்கம் காது கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அழுகை வருமாப் போல இருந்தது. வந்தது சிரிப்பு.

"சி!" என்று கூப்பிட்டாள்.

வெளியில் வாளி நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டது. "என்னடி சொன்னனீ?"

"குளிர்தண்ணி கேட்டனான். நீங்கள்தானே சொன்னனீங்கள், சி எண்டால் குளிர் எண்டு."

கிணற்றடியில் தமையன் சிரிப்பது கேட்டது. வாளி வந்து கவிழ்ந்தது. அருந்ததி கண்ணை மூடினாள். இருபத்தெட்டு வருசம் தொண்டையில் இருந்தது, சவர்க்காரத்தில் வழுக்குகிற மாதிரி வெளியே வந்தது.

"சிற்றம்பலம்! இன்னும் ஒரு வாளி!"

அந்த வாளி முந்தினதெல்லாவற்றையும் விடக் கெதியாக ஓடி வந்தது.